வானில் ஓடும் ஆறுகள்

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, தொடரும் வினாக்களுக்கு விடை காண்க.

மலையில் பிறந்து, நிலத்தில் ஓடி, கடலில் கலப்பது ஆறு என்பதை நாம் அறிவோம். கடலில் பிறந்து, வானில் ஓடி, மலையில் முடியும் ஆறுகளும் உண்டு. அவை வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. நீராவியை அளவிடும் துணைக்கோளங்கள் அனுப்பும் படங்களில், கடலின்மேல் நீண்டு கிடக்கும் பட்டையைப் போல் அவை தென்படும். அறிவியலாளர்கள் 1990களில் இவற்றுக்கு ‘வளிமண்டல ஆறுகள்’ எனப் பெயரிட்டனர்.

கடலிலிருந்து ஆவியாகும் நீரைப் பலத்த காற்று ஒன்றுதிரட்டி வெகுதொலைவு கொண்டு செல்கிறது. அது செல்லும் பாதை சில நூறு கிலோமீட்டர் அகலமும் ஈராயிரம் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமும் கொண்டிருக்கும். அமெரிக்காவின் மாபெரும் ஆறான மிசிசிப்பி கடலில் சேர்க்கும் நீரைவிட ஏழு மடங்குக்கும் மேலான நீரை, வலிமை மிக்க ஒரு வளிமண்டல ஆறு ஆவியாகச் சுமக்க வல்லது. கரையை அடைந்ததும் மலைத்தொடர் அதனை மறிக்கிறது. மேலே எழும்பும் காற்று குளிர்கிறது. சுமந்து வந்த நீராவி மழையாகவும் பனியாகவும் கொட்டுகிறது.

இதற்கு அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலம் தக்க சான்றாகும். அம்மாநிலம் ஓராண்டில் பெறும் மழையிலும் பனியிலும் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு ஒருசில வளிமண்டல ஆறுகளால் கிடைப்பதே. அவை வராத ஆண்டில் அணைகள் வற்றும், வயல்கள் காயும். அளவுக்கு மிஞ்சி வந்தாலோ ஊர்கள் மூழ்கும். ஆகவே, 2019ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் இவற்றை ஐந்து நிலைகளாக வகைப்படுத்தினர். சுமந்து வரும் நீராவியின் அளவும் ஓரிடத்தில் நீடிக்கும் நேரமும் அதில் கணக்கிடப்படுகின்றன. முதல் நிலை பெரும்பாலும் நன்மை தரும். ஐந்தாம் நிலை பெரும்பாலும் பேரிடரைத் தரும்.

அந்தப் பேரிடர் எத்தகையது என்பதைக் கலிபோர்னிய மக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டனர். 1861 டிசம்பரில் தொடங்கிய மழை வாரக்கணக்கில் நீடித்தது. மாநிலத்தின் நடுவிலுள்ள பெரும் பள்ளத்தாக்கு ஏரியாக மாறியது. தலைநகர் சாக்ரமெண்டோ மூழ்கியிருந்ததால், ஆளுநர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு 1862 ஜனவரி 10ஆம் நாள் தம் பதவியேற்பு விழாவுக்குப் படகில் சென்றார். சட்டமன்றம் தற்காலிகமாகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. கால்நடைகள் பெருமளவில் மாண்டன. மாநிலக் கருவூலம் வறண்டது. பின்னர், சாக்ரமெண்டோ மக்கள் தங்கள் நகரின் தெருக்களையே மண்ணிட்டு உயர்த்தினர்.

இன்று அத்தகைய இழப்புகளை எண்களால் அளவிட முடிகிறது. 1978 முதல் 2017 வரையிலான காப்புறுதிப் பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அமெரிக்காவின் 11 மேற்கு மாநிலங்களில் ஏற்பட்ட வெள்ளச் சேதத்தில் 84 விழுக்காடு வளிமண்டல ஆறுகளால் விளைந்தது எனத் தெரியவந்தது. ஆண்டுக்குச் சராசரி இழப்பு 1.1 பில்லியன் அமெரிக்க டாலர். ஒரு நிலை கூடினால் சேதம் இருமடங்காகும் என நாம் எண்ணக்கூடும். ஆய்வு காட்டியதோ ஏறக்குறைய பத்து மடங்கு!

வெள்ளம் புகுந்த வீடுகளோடு இழப்பு நின்றுவிடுவதும் இல்லை. 2021 நவம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தை ஒரு வளிமண்டல ஆறு தாக்கியது. வான்கூவர் நகரை நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கும் நெடுஞ்சாலைகளும் இரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. கனடாவின் மிகப் பெரிய துறைமுகம் அங்குதான் உள்ளது. இதனால், வெள்ளத்தையே காணாத தொலைதூர ஊர்களுக்கும் சரக்குகள் போய்ச் சேரவில்லை.

புவி வெப்பமடைதல் இந்நிலையை மேலும் மோசமாக்குகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியை ஏந்த முடியும். இது சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால், அச்சிறு மாற்றம் ஒரு வளிமண்டல ஆற்றை அடுத்த நிலைக்கு உயர்த்திவிட்டால், சேதம் பன்மடங்காகும். பசுமைக்குடில் வாயுக்களின் வெளியேற்றம் குறையாவிடில், மேற்கு மாநிலங்களின் ஆண்டு இழப்பு இந்நூற்றாண்டின் இறுதிக்குள் மூன்று மடங்காகக்கூடும் என 2022ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது.

இந்த ஆறுகளுக்கு அணை கட்ட இயலாது. அவற்றின் வருகையை முன்கூட்டியே அறிய இயலும். விமானங்கள் கடலுக்கு மேலே பறந்து, அளவிடும் கருவிகளை அவற்றினுள் இறக்குகின்றன. அதனால் கிடைக்கும் பயனைக் கலிபோர்னியாவின் மெண்டோசினோ ஏரி காட்டுகிறது. 2012 டிசம்பரில் பெய்த மழை அவ்வேரியை நிரப்பியது. வெள்ளத்திற்கு இடம் வைக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி நீர் திறந்துவிடப்பட்டது. அதன்பின் வந்ததோ கடும் வறட்சி! பிற்காலத்தில் முன்னறிவிப்பைப் பார்த்து நீரைத் தேக்கும் முறை அங்குச் சோதிக்கப்பட்டது. 2020இல் அம்முறையால் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுதலான நீர் சேமிக்கப்பட்டது.

வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்துவது உலக நாடுகள் அனைத்தின் நெடுங்காலப் பணி. முன்னறிவிப்போ இன்றே சில நாள் அவகாசத்தை ஈட்டித் தருகிறது. அந்நாள்களில் செய்ய வேண்டியவற்றை முன்பே திட்டமிட்டு வைத்திருக்கும் சமூகம், வரும் நீரை வளமாக மாற்றிக்கொள்ளும்.

அருஞ்சொற்பொருள்
கருவூலம் – அரசின் பணம் வைக்கப்படும் இடம்
அவகாசம் – ஒன்றைச் செய்யக் கிடைக்கும் காலம்
பன்மடங்கு – பல மடங்கு

கருத்துணர் வினாக்கள்
1. வளிமண்டல ஆறு மழையாகப் பொழிவது எவ்வாறு?
2. வெள்ளம் புகாத ஊர்களும் இழப்பைச் சந்தித்தது ஏன்?
3. ‘சிறு மாற்றம்’ பெருஞ்சேதத்திற்கு வித்திடும் என்பதைப் பனுவலில் உள்ள எண்களைக் கொண்டு விளக்குக.
4. உன் வட்டாரத்தில் வெள்ளம் வரப்போவது மூன்று நாள்களுக்கு முன்பே தெரிந்தால், உன் குடும்பமும் பள்ளியும் என்னென்ன செய்யலாம்? கலந்துரையாடுக.