பூச்சில்லாத தோல் பொருளில் கறை பட்டால்...

மளிகைக் கடைக்காரருக்கும் தோல் பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்களில் சிலர் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், கூட்டம் நிறைந்த மாலை வேளையில், நமது கடை மேஜை மீது நெய் பாக்கெட் ஒன்று ஓரம் பிரிந்து, வாடிக்கையாளர் அம்மா ஒருவரின் கைப்பை மீது வழிந்துவிட்டது. வெளிர் மஞ்சள் நிறத்தில், சாயமோ பாலிஷோ இல்லாத தோல் பை. அவருடைய மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. கடைப் பையன் நல்ல எண்ணத்தோடுதான் ஓடி வந்தான். பாத்திரம் துலக்கும் சோப்பை ஈரத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்தான். நெய் பட்டிருந்தது ஓர் எலுமிச்சம்பழ அளவு. தேய்த்து முடித்தபோது கறுத்திருந்தது உள்ளங்கை அளவு. "பரவாயில்லை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். ஆனால் இரண்டு மாதம் கடைப் பக்கம் வரவில்லை. இருபது வருட வாடிக்கை அது.

அதன் பிறகு, தோல் வேலையில் பழுத்த பெரியவர் ஒருவரிடம் அந்தப் பையின் கதையைச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நாமே பழைய தோல் துண்டுகளில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம். செருப்பு, பெல்ட், மணிபர்ஸ் வைத்து விற்கும் பேன்சி ஸ்டோர் உறுப்பினர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் இது எந்த வகைத் தோல் என்று தெரிய வேண்டும். கடைகளில் பளபளப்பாகத் தொங்கும் பெரும்பாலான தோல் பொருட்களின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. எண்ணெய் விழுந்தாலும் துடைத்தால் போய்விடும். ரெக்சினுக்கு அந்தக் கவலையே இல்லை. நாம் பேசுவது பூச்சு ஏதும் இல்லாத தோலைப் பற்றி. கடுக்காய், ஆவாரம் பட்டை, வேலம் பட்டை போன்றவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடும் தோல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வருவது. திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் இப்படிப் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் வெளிநாடு போயின. மராட்டியம், கர்நாடகம் இரண்டுக்கும் பொதுவாக 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்பும் இந்த இனம்தான். துணி போல மயிர்ப்பு உள்ள ஸ்வேட் தோலும் பூச்சில்லாததே. ஆனால் அது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. அதற்கு வைத்தியம் கொஞ்சம் வேறு.

கண்டுபிடிக்க எளிய வழி: பொருளின் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும். முத்தாக நின்றால் பூச்சு உண்டு. ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாதது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தத் தோலிலும் கை வைக்கக் கூடாது.

பூச்சில்லாத தோல் மை ஒற்றும் தாள் போன்றது. கறை உள்ளே போகிற அதே வழியில், கறையை எடுக்க நாம் போடுகிற பொருளும் உள்ளே போகும். அதைத் திரும்ப அலசி எடுக்க முடியாது. நமது பையன் போட்ட சோப்பு இதற்குச் சரியான உதாரணம். பட்டையில் பதனிட்ட தோல் இயற்கையிலேயே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. சோப்பும் சலவைச் சோடாவும் காரத்தன்மை உடையவை. காரம் பட்டதும் தோலில் உள்ள துவர்ப்புச் சத்து கறுத்துப் போகிறது. கொஞ்சம் கரைந்து வெளியேறவும் செய்கிறது. அந்த அம்மாவின் பையில் உள்ளங்கை அளவு கறுத்ததில் நெய்யின் பங்கு எலுமிச்சம்பழ அளவுதான். மிச்சம் முழுதும் நமது சோப்பின் வேலை.

நெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவானாலும் தண்ணீர் கூடவே கூடாது. உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியை மேலே வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு சோள மாவையோ வாசனை அதிகம் இல்லாத முகப் பவுடரையோ அரை விரல் கனத்துக்குக் குவித்து ஓர் இரவு விட்டு, காலையில் மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். மறுபடி புது மாவு, மறுபடி ஓர் இரவு. மூன்று நான்கு தரம் செய்தால் மாவில் எண்ணெய்ப் பசை ஏறுவது கண்ணுக்கே தெரியும். குளிர் நாளில் நெய் உறைந்து நின்றுவிட்டால் மாவு அதை இழுக்காது. எரியும் குண்டு பல்பு அருகே, கை தாங்குகிற இளஞ்சூட்டில் சிறிது நேரம் வைத்தால் இளகும். மைதா வேண்டாம். ஈரம் பட்டால் பசையாகிவிடும். சோள மாவானாலும் கடைசியில் ஒரு துகள் விடாமல் தட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் எறும்புக்கும் பூச்சிக்கும் விருந்துதான்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவை எண்ணெயைக் கரைத்து வட்டமாகப் பரப்பும். தோலுக்குள் இயல்பாக இருக்க வேண்டிய கொழுப்பையும் சேர்த்து உறிஞ்சிவிடும். தோல் அட்டை போல விறைக்கும். கடைக்குள் தீ அபாயம் வேறு.

சிறிய எண்ணெய்ப் பொட்டு என்றால் ஒன்றுமே செய்யாமல் விடுவதும் ஒரு வழி. சில நாட்களில் எண்ணெய் தோலுக்குள்ளேயே பரவி, பொட்டு வெளிறிவிடும். அவசரப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் கெடுத்திருக்கிறார்கள்.

பால், தயிர், முட்டை, ரத்தம் ஆகியவை வேறு இனம். இறைச்சிக் கடை அன்பர்களின் பணப்பை, இடுப்புப் பெல்ட்டில் ரத்தம் படுவது அன்றாடம் நடப்பது. இவை புரதம். சுடு தண்ணீர் பட்டால் வேக வைத்த முட்டை போல இறுகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதுமட்டுமல்ல, பட்டையில் பதனிட்ட தோல் நனைந்த நிலையில் ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். கொதிநீர் பட்ட இடம் மரக்கட்டையாகிவிடும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஆகவே எப்போதும் குளிர்ந்த தண்ணீர்தான். மேலே நிற்பதைக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

துணிக்கு ரத்தக் கறை போக்குவதில் கெட்டிக்காரப் பவுடர்கள் பல நம் கடைகளிலேயே இருக்கின்றன. 'என்சைம் கலந்தது' என்று போட்டிருக்கும். புரதத்தைச் சிதைப்பது அந்த என்சைம்களின் தொழில். தோலும் புரதம்தானே! கறையைத் தின்னும் பொருள் தோலையும் தின்னும். கம்பளி, பட்டு ஆகியவற்றுக்கு வேண்டாம் என்று அந்தப் பெட்டிகள் பலவற்றில் எழுதியிருப்பதும் இதனால்தான். வாடிக்கையாளர் கேட்டால், தோலுக்கு இதை விற்காமல் எடுத்துச் சொல்வதே நல்லது.

ஒரு முக்கியமான விஷயம். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் பட்டு உலர்ந்தால் அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும். தண்ணீர் தோலில் உள்ள துவர்ப்புச் சத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. இதைத் தவிர்க்க, கறையை ஒற்றி எடுத்த பிறகு ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் ஸ்பாஞ்சால் சமமாக, இலேசாக ஈரமாக்க வேண்டும். பிறகு நிழலில், காற்றில் உலர வேண்டும். உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கி அடைக்கலாம். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். வெயிலிலோ அடுப்படியிலோ காயவைத்தால் வெடிக்கும். ஸ்வேட் தோலுக்கு இந்த ஈர வைத்தியத்தைக் கூடியவரை தவிர்த்து, உலர்ந்த பிறகு மயிர்ப்பின் போக்கிலே பிரஷ் போடுவதும், பென்சில் ரப்பரால் மெல்ல உரசுவதும் போதும்.

டீ, காப்பி, வெற்றிலைச் சாறு மூன்றும் கறை என்பதைவிடச் சாயம் என்றே சொல்லலாம். டீயில் இருப்பதும் துவர்ப்பு, தோலில் இருப்பதும் துவர்ப்பு. விழுந்த ஒரு நிமிடத்துக்குள் ஒற்றினால் உண்டு. பிறகு வெளிறச் செய்யலாமே தவிரப் போக்க முடியாது. வெற்றிலைச் சாற்றில் சுண்ணாம்பும் சேர்ந்திருப்பதால் இன்னும் மோசம். மஞ்சள் தூள் ஈரமில்லாமல் விழுந்தால் தட்டிவிடுங்கள், ஊதிவிடுங்கள், துடைக்காதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதல்லவா? மஞ்சள் கறையில் சோப்புப் போட்டாலும் அதே கதைதான், மஞ்சள் போய்ச் சிவப்பு வரும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் தானாக மங்கக்கூடியது. பட்டைத் தோலோ வெளிச்சத்தில் நிறம் கூடக்கூடியது. ஆகவே நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பொருளை முழுவதுமாகத் திருப்பித் திருப்பிச் சில வாரம் வைத்தால் கறையும் தோலும் ஒன்றையொன்று நெருங்கி வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்டாக்கில் வெள்ளை பூத்துவிட்டது என்று செருப்புக் கடை அன்பர்கள் வருந்துவது வழக்கம். அதில் ஒரு பகுதி பூஞ்சையே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு குளிரில் வெளியே வந்து வெண்மையாகப் படிவதும் உண்டு. செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ள இடங்களில் இது அதிகம். இரண்டையும் பிரித்தறிய முடி உலர்த்தும் மெஷினை மிதமான சூட்டில் சில விநாடி காட்டினால் போதும். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு விற்கலாம். மறையாமல் நின்று, முகர்ந்தால் மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை. கொழுப்புப் பூத்ததைப் பூஞ்சை என்று நினைத்துப் பாதி விலைக்குத் தள்ளியவர்களை நாம் அறிவோம்.

பூஞ்சை என்றால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கடைக்கு வெளியே கொண்டுபோய்ப் பிரஷ் போட வேண்டும். மாவு, பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் தட்டினால் அந்தத் தூள் அங்கே போய்க் குடியேறும். இரண்டு நாள் நிழல் காற்றில் வைத்த பிறகு, மருந்துக் கடை ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் மிக இலேசாகத் தொட்டு, ஓரத்தில் சோதித்துவிட்டு, முழுவதும் ஒரே சீராகத் துடைக்கலாம். விளக்கு, ஊதுவத்தி அருகில் இருக்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை திரும்ப வரும். ஆகவே பாலிதீன் உறையைக் கழற்றிவிட்டுத் துணிப் பையில் போட்டு, சுவரை ஒட்டாமல், தரையைத் தொடாமல் அடுக்க வேண்டும். உப்பு மூட்டை வைத்திருக்கும் அறையில் தோல் சரக்கு கூடவே கூடாது. மழைக்காலத்தில் உப்பு நீர் விடும் என்பதை மளிகைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கறையும் உண்டு. யாரும் எதுவும் கொட்டாமலேயே தோலில் நீலங்கலந்த கறுப்புப் புள்ளி விழும். வாடிக்கையாளர் பேனா மை என்பார். நனைந்த தோல் இரும்பைத் தொட்டதால் வருவது அது: எடைக்கல், துருப்பிடித்த டின், ஸ்டேப்ளர் பின் எதுவாகவும் இருக்கலாம். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள்; அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கடுக்காய்ச் சத்து உள்ள தோலில் இரும்பு பட்டதும் அதே மைதான் உண்டாகிறது. இதற்கு மட்டும் எலுமிச்சைச் சாறு வேலை செய்கிறது. சமபங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு, புள்ளி மீது மட்டும் ஒற்றினால் கண்ணெதிரே வெளுக்கும். உடனே வெறும் தண்ணீரால் ஒற்றி, முன் சொன்னபடி தையல் முதல் தையல் வரை ஈரமாக்கி உலர்த்த வேண்டும். மற்றக் கறைகளுக்கு எலுமிச்சையைப் பூசாதீர்கள். வெளுத்த திட்டுத்தான் மிஞ்சும்.

நமது கடையில் விபத்து நடந்தால் பொருளைத் தொடும் முன்பே வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நமது அனுபவம். "அம்மா, இதை ஒற்றி மட்டும் எடுக்கிறோம். முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது. தேய்த்தால் கூடும்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளாதவர் இல்லை. மேஜைக்கடியில் ஒரு டப்பாவில் உலர்ந்த வெள்ளைத் துணியும் கொஞ்சம் சோள மாவும் இப்போது நிரந்தரமாக வைத்திருக்கிறோம். பையனுக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று.

அந்த அம்மாவின் வீட்டுக்கு நாமே போய்ப் பையைக் கேட்டு வாங்கி வந்தோம். கறுப்பை எடுக்க இயலாது, வேண்டுமானால் மற்ற பகுதியை அதற்குச் சமமாகக் கொண்டுவரலாம் என்று பெரியவர் சொன்னார். அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, தோலுக்குப் போடும் எண்ணெயைப் பை முழுவதும் மெல்லியதாக, நாளுக்கு ஒரு கை வீதம் ஐந்து நாள் தடவினார். வெளிர் மஞ்சளாக இருந்த பை இப்போது பழைய வெல்லத்தின் நிறத்தில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்தத் திட்டு இன்னும் தெரியும். போன வாரம் சாமான் வாங்க அந்தப் பையோடுதான் வந்தார். மேஜை மீது மட்டும் வைக்கவில்லை, தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றார்.