பீங்கானின் அடிப்புறக் குறிகள்

வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையில் மூத்தம்மாவின் ஆங்கிலப் பீங்கான்களும் அவ்வீட்டோடே சென்றன. 2004 மார்கழிக் கடற்கோளுக்குத் தப்பியவற்றை விலைபேச வருவார் கூறும் வயதை ஏற்குமுன், நாம் அவற்றைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும்.

சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய அரச இலச்சினை அரண்மனைப் பொருளெனக் காட்டாது. ஆலையார் பலரும் அதனை இட்டனர். வைர வடிவக் குறியே கருத்தூன்றத் தக்கது. அது 1842 முதல் 1883 வரை பிரித்தானியாவில் வடிவங்களைப் பதிவு செய்தமைக்கு அடையாளம். உச்சி வட்டத்திலுள்ள உரோம எண் நான்கு மட்பாண்ட வகையைக் குறிக்கும். உள்ளிருக்கும் எழுத்தும் எண்ணும் நாள், மாதம், ஆண்டு என்பன. எனினும் அது வடிவம் பதிவான நாளேயன்றிப் பாண்டம் சூளையினின்று வெளிப்பட்ட நாளன்று. 1884 முதல் தொடரெண் மட்டுமே.

'இங்கிலாந்து' என்னும் பெயர் பொறித்திருப்பின் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அவ்வாண்டு முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கேட்டது. 'மேட் இன் இங்கிலாந்து' எனின் இருபதாம் நூற்றாண்டே எனலாம். மனிதத் தலையும் சிங்க உடலுமான உருவோடு 'மாஸ்திரிக்ட்' என்றிருப்பின், அஃது ஆங்கிலப் பொருளே அன்று, ஒல்லாந்தினது.

சாம்பலிட்டுத் தேய்த்தல் ஆகாது. மெருகின்மேல் அச்சிட்ட குறி அழிந்துபோம். ஈரத்துணி போதும்.