பெட்டியில் இருக்கும் டிபிஐயை நம்பி வாங்காதீர்கள்: வேலை தேடுபவருக்கு ஏற்ற வீட்டு ஸ்கேனர்

உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எச்.ஆர். உங்கள் மார்க் ஷீட்டைத்தான் பார்க்கிறார். அது கோணலாக, ஓரத்தில் விரல் நிழலோடு, டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பாதி மதிப்பெண் மறைந்துபோய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? கூப்பிட்டு, ‘தெளிவான காப்பி அனுப்புங்கள்’ என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. அடுத்த ஃபைலைத் திறந்துவிடுவார்கள். அதில் அதே பட்டம், அதே சதவீதம் வைத்திருக்கும் இன்னொருவர் இருப்பார். ஆயிரக்கணக்கானோர் ஒரே தகுதியோடு மோதும் இடத்தில், உங்கள் ஆவணம் திரையில் எப்படித் தெரிகிறது என்பதையும் உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. எந்த விஷயத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் போதும்.

1. முதல் கேள்வி: உங்களுக்கு ஸ்கேனர் தேவையா?

வருடத்துக்கு நாலைந்து பக்கம்தான் அனுப்புகிறீர்கள் என்றால் வேண்டாம். கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. அடோபி ஸ்கேன் ஆப் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாகக் காகிதத்தைச் சமதளத்தில் வைத்து எடுத்தால் ஒரு சாதாரண விண்ணப்பத்துக்கு அது போதும். (கேம்ஸ்கேனரை இன்னும் எங்கிருந்தோ டவுன்லோட் செய்து வைத்திருப்பவர்கள் நீக்கிவிடுங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. சான்றிதழ்களை அதில் ஏற்றுவது புத்திசாலித்தனம் இல்லை.)

ஆனால் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, வெளிநாட்டுப் படிப்பு என்று மாற்றி மாற்றி விண்ணப்பிக்கிறீர்களா? ஃப்ரீலான்ஸராக இன்வாய்ஸும் ஜிஎஸ்டி பில்லும் சேர்த்து வைக்க வேண்டியவரா? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டா, ஜூனியர் வக்கீலா, டூர் பில் போட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்கும் சேல்ஸ் ஆளா? உங்களுக்குத் தேவை.

லேமினேட் செய்த சான்றிதழை போனில் எடுத்தால் பளபளப்பு வராமல் தப்பிப்பது கடினம். ஸ்கேனரில் விளக்கு சாய்ந்து விழுவதால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. இன்னொரு காரணம் பாதுகாப்பு. பிரவுசிங் சென்டரில் உங்கள் ஆதார், பான், டிசி எல்லாவற்றையும் யாருடைய கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பிலோ விட்டுவிட்டு வருகிறீர்கள். அதை அவர்கள் அழித்தார்களா என்று உங்களால் பார்க்கவே முடியாது. கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு அந்தக் கடை திறந்தும் இருக்காது.

2. சென்சார் வகை: சிஐஎஸ்ஸா, சிசிடியா?

விலை குறைந்த ஃப்ளாட்பெட்கள் (தாளைக் கண்ணாடி மேல் வைத்து மூடி எடுக்கும் ஸ்கேனர்கள்) ஏறக்குறைய எல்லாமே சிஐஎஸ் வகை. மெல்லிய உடல், எடை குறைவு, தனி அடாப்டர் கிடையாது; லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கேனானின் லைடு 300, லைடு 400, எப்சனின் பெர்ஃபெக்‌ஷன் வி39 2 எல்லாம் இந்த வகைதான்.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு மட்டுமே கூர்மையாக விழும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு, ஃபிரேமுக்குள் இருக்கும் போட்டோ, மடிப்பு எழும்பி நிற்கும் பழைய டிசி என்று ஒரு சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே மங்கிவிடும். சிசிடி வகையில் பிரதிபலிக்கும் கண்ணாடிகளும் லென்ஸும் வைத்துப் படம் பிடிப்பதால் கொஞ்சம் ஆழமும் தெளிவாக வரும். ஆனால் அது கனமானது, விலையும் கூடுதல்.

தீர்ப்பு: தட்டையான காகிதம்தான் உங்கள் வேலை என்றால் சிஐஎஸ் வாங்குங்கள். பழைய புத்தகங்களை டிஜிட்டலாக்கித் தருவதைத் தொழிலாகவே செய்யப்போகிறவர் மட்டும் சிசிடி பக்கம் போகலாம். ஃபிலிம் நெகட்டிவுக்கு மூடியிலும் விளக்கு வேண்டும். குறைந்த விலை மாடல்களில் அது இருக்காது. வீட்டில் ஒரு கட்டு நெகட்டிவ் இருக்கிறது என்பதற்காக விலையுயர்ந்த மாடலுக்குப் போகாமல், அந்த வேலையை ஸ்டூடியோவில் கொடுங்கள்.

3. டிபிஐ என்னும் பொறி

பெட்டியில் பெரிய எழுத்தில் 4800 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று போட்டிருக்கும். கடைக்காரரும் அதைத்தான் காட்டுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 2480 x 3508 பிக்ஸல். கலரில், சுருக்காமல் சுமார் 26 எம்பி. 600 டிபிஐ என்றால் நான்கு மடங்கு, சுமார் 104 எம்பி. அதே பக்கம் 4800 டிபிஐயில் 6 ஜிபியைத் தாண்டிவிடும். உங்கள் லேப்டாப் திணறி நின்றுவிடும். ஒரு மார்க் ஷீட்டில் அவ்வளவு விவரமும் கிடையாது.

எழுத்து உள்ள ஆவணத்துக்கு 300 போதும். தமிழ் எழுத்துகளை ஓசிஆர் மூலம் டெக்ஸ்ட்டாக மாற்ற நினைப்பவர்களுக்கும் 300தான் சரியான தொடக்கம். அச்சு போட்டோவுக்கு 600. பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் 1200: மூன்றரை சென்டிமீட்டர் அகலப் படத்தை 14 சென்டிமீட்டர் வரை தரம் கெடாமல் பெரிதாக்கி அச்சிட முடியும். வீட்டில் யாருக்கும் அதற்கு மேல் தேவைப்படாது. லைடு 300இன் 2400க்கும் லைடு 400இன் 4800க்கும் உங்கள் டிகிரி சர்டிஃபிகேட்டில் வித்தியாசம் தெரியாது. கூடுதல் காசு கொடுத்தால் கிடைப்பது கொஞ்சம் வேகம், டைப்-சி போர்ட். அது வேண்டுமா என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

‘ஆப்டிகல்’ என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். ‘இன்டர்போலேட்டட்’ என்று இன்னும் பெரிய எண் ஒன்று பக்கத்தில் இருந்தால், அது சாஃப்ட்வேர் நடுவில் இட்டு நிரப்பிய பிக்ஸல். அதற்கு மதிப்பில்லை.

4. டிரைவர் இல்லாத ஸ்கேனர் வெறும் கண்ணாடிப் பலகை

நான் பார்த்தவரை அதிகம் பேர் காசை இழப்பது இங்கேதான், குறிப்பாக செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது. மோட்டார் ஓடும், விளக்கு எரியும், மெஷினில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் கம்பெனி அந்த மாடலுக்கு 64-பிட் விண்டோஸ் டிரைவர் வெளியிட்டிருக்காது. வாங்குவதற்கு முன் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டு, உங்கள் விண்டோஸ் அல்லது மேக் வெர்ஷனுக்கு டிரைவர் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ‘எல்லா சிஸ்டத்துலயும் வேலை செய்யும் சார்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

கம்பெனி கொடுக்கும் சாஃப்ட்வேர் பிடிக்கவில்லையென்றால், விண்டோஸில் நேப்ஸ்2 என்ற இலவச சாஃப்ட்வேரை முயன்று பாருங்கள். பல பக்கங்களை ஒரே பிடிஎஃபாகச் சேர்க்க, கோணலைச் சரிசெய்ய, வரிசை மாற்ற அது போதும். பழைய மாடல்களுக்கு உயிர்கொடுக்க வ்யூஸ்கேன் என்று ஒன்று உண்டு. ஆனால் அது கட்டணம் கேட்கும். ஸ்கேனர் விலையோடு அதையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

5. கண்ணாடியின் நீளத்தை அளந்து பாருங்கள்

இந்த மாடல்களின் கண்ணாடி ஏ4 அளவுதான்: 216 x 297 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பத்திரங்கள் பல லீகல் சைஸில் இருக்கும். லீகல் தாள் 356 மில்லிமீட்டர் நீளம். சில கன்வொகேஷன் சர்டிஃபிகேட்களும் ஏ4-ஐவிடப் பெரியவை. இரண்டு தடவையாக ஸ்கேன் செய்து ஒட்டினால் ஆவணத்தில் கைவைத்தது போன்ற சந்தேகம் வரும். வெரிஃபிகேஷனில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். வாங்குவதற்கு முன் உங்கள் முக்கியச் சான்றிதழ்களை ஒரு ஸ்கேலால் அளந்துவிடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் பெரிதாக இருந்தால், அவற்றை மட்டும் வெளியே ஸ்கேன் செய்து, ஃபைலை உங்கள் பென் டிரைவில் வாங்கி, உங்கள் கண் முன்னாலேயே அங்கே அழிக்கச் சொல்லுங்கள்.

6. ‘பிரிண்டரோடு சேர்த்தே வாங்கிடலாமே?’

நியாயமான கேள்வி. மாதம் ஐம்பது பக்கமாவது பிரிண்ட் எடுப்பவருக்கு ஆல்-இன்-ஒன் சரியான முடிவு. அதன் மேல்பக்கத்தில் இருப்பதும் பெரும்பாலும் சிஐஎஸ் ஃப்ளாட்பெட்தான். ஆவணத்துக்குத் தரம் போதும். ஆனால் பிரிண்ட் எடுப்பதே அபூர்வம் என்றால் இங்க் காய்ந்துபோகும். இங்க் தீர்ந்ததும் ஸ்கேன் செய்யவும் மறுக்கும் இங்க்ஜெட் மாடல்கள் இருக்கின்றன. கடையிலேயே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனி ஸ்கேனருக்கு இங்க் செலவே இல்லை. பீரோ மேல் நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு மெலிசு.

நூறு பக்கக் கட்டுகளை அடிக்கடி ஸ்கேன் செய்பவர் ஃப்ளாட்பெட் வாங்கவே கூடாது. ஒரு ஏ4 பக்கம் பத்து நொடியில் முடிந்தாலும், மூடியைத் தூக்கி, தாளைத் திருப்பி, நேராக்கி வைப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். நூறு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். அவருக்குத் தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடர் வேண்டும்.

7. வாங்கியாயிற்று. இனி ஃபைல் தயாரிப்பு

இதைச் சரியாகக் கற்றவர் விண்ணப்பத்தின் கடைசி நாளில் நிதானமாக இருப்பார். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்கும் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். போட்டோ 200 x 230 பிக்ஸல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140 x 60 பிக்ஸல், 10 முதல் 20 கேபி. இடது கட்டைவிரல் ரேகை 240 x 240. கையால் எழுதிய உறுதிமொழி 800 x 400, 50 முதல் 100 கேபி. ஸ்கேனரைக் குறைந்தது 200 டிபிஐயில் வைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் இந்தப் பகுதியைப் புதிதாகப் படியுங்கள். போன வருட அளவை நம்பி ஏற்றாதீர்கள்.

இந்த எண்களைச் சென்டிமீட்டராக மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 200 டிபிஐயில் 800 x 400 பிக்ஸல் என்பது காகிதத்தில் ஏறக்குறைய 10 x 5 சென்டிமீட்டர். அந்த அளவு இடத்துக்குள் உறுதிமொழியை எழுதி, அந்த இடத்தை மட்டும் 200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அளவு தானாகவே பொருந்தும். விரல் ரேகைக்கு 3 x 3 சென்டிமீட்டர். கையெழுத்தின் விகிதம் 7க்கு 3. வெள்ளைத் தாளில் 7 x 3 சென்டிமீட்டர் இடத்துக்குள் கறுப்பு மையில் போட்டு, ஸ்கேன் செய்து, பிறகு 140 x 60 ஆகக் குறையுங்கள். நீட்டியோ அமுக்கியோ கையெழுத்தின் உருவம் மாறாது. கையெழுத்தையும் உறுதிமொழியையும் ஆங்கிலத்தில் கேபிடல் எழுத்துகளில் போட்டால் ஏற்க மாட்டார்கள். இதில் தவறுகிறவர்கள் ஏராளம்.

கேபி கணக்கில் குழம்புபவர்கள் ஒரு வரிசையைப் பின்பற்றுங்கள்: முதலில் பிக்ஸல் அளவைக் குறையுங்கள், அதற்கடுத்து ஜேபெக் தரத்தைக் குறையுங்கள். தலைகீழாகச் செய்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். கையெழுத்தில் எதிர்ப் பிரச்சினை வரும். வெள்ளைப் பரப்பு அதிகம் என்பதால் ஃபைல் 10 கேபிக்குக் கீழே போய் நிராகரிக்கப்படும். அப்போது ஜேபெக் தரத்தை உச்சத்தில் வைத்துச் சேமியுங்கள்.

சான்றிதழ்களை எப்போதும் கலரில் எடுங்கள், ஜெராக்ஸ் போல இருக்கும் கறுப்பு-வெள்ளை மோடில் வேண்டாம். முத்திரையின் நீலம், அதிகாரியின் பச்சை மை இரண்டும் தெரிந்தால்தான் ஒரிஜினல் என்று நம்பிக்கை வரும். ஒவ்வொன்றையும் 300 டிபிஐயில் ஒரு மாஸ்டர் காப்பியாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதிலிருந்து சிறிய காப்பி எடுங்கள். மாஸ்டரைச் சுருக்காதீர்கள். ஃபைல் பெயரில் உங்கள் பெயர், ஆவணம், வருடம் மூன்றும் இருக்கட்டும். இருபது பேர் ‘ஸ்கேன்001’ என்று அனுப்பும்போது, பெயரோடு வரும் ஃபைலைத் தேட எச்.ஆருக்கு ஒரு நொடி போதும். ஆதார் அனுப்புவதாக இருந்தால், முழு எண்ணைக் கேட்காத இடத்துக்கு முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரையே கொடுங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு: ஹோட்டல், பெட்ரோல் பங்க் பில்கள் தெர்மல் பேப்பரில் வருகின்றன. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். ஊர் திரும்பிய அன்றே நாலைந்து பில்களைக் கண்ணாடியில் பரப்பி ஒரே ஸ்கேனில் எடுத்துவிடுங்கள். பணம் உங்களுடையது, அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் அதைத் தேடித் தராது.

8. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் நாளே ஒரு வெற்று வெள்ளைத் தாளை ஸ்கேன் செய்யுங்கள். நெடுக்காகக் கோடு விழுந்தால் சென்சாரிலோ கண்ணாடியின் உட்பக்கத்திலோ குறை. ஒரு ஸ்கேலைக் குறுக்காகவும் நெடுக்காகவும் வைத்து எடுங்கள். சென்டிமீட்டர் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக வர வேண்டும். பொடி எழுத்துள்ள நாளிதழ் பக்கத்தைக் கண்ணாடி முழுக்க விரித்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே அளவு கூர்மையாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நாளிதழில் இருக்கும் போட்டோ மீது அலை அலையாகத் தெரிந்தால் அது மெஷின் குறை இல்லை, அச்சுப் புள்ளிகளால் வருவது. சாஃப்ட்வேரில் டீஸ்க்ரீன் என்ற ஆப்ஷனை ஆன் செய்தால் குறையும். மற்ற மூன்றில் ஒன்று தவறினாலும் சர்வீஸ் சென்டருக்கு அலையாமல் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கெடு தாண்டிவிட்டால் ரிப்பேர்தான் செய்வார்கள், புதியது தர மாட்டார்கள்.