பழைய கைச்சுழல் தகரப் பொறிகளை அறிதலும் பயன்படுத்தலும்

(கலஹாப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளர்களுக்கு)

பூவாளியின் வாய் விளிம்பு துருப்பிடித்து உதிர்வதும், சாக்கிலிட்ட விதைநெல்லை எலி தின்பதும் நம் பகுதிக் கமக்காரர் நன்கறிந்த நட்டங்களாகும். இவ்விரண்டையும் குறைக்க உதவும் கருவியொன்று பழைய பட்டறைகளின் மூலைகளில் பெயர் தெரியாமற் கிடத்தல் கூடும். அதன் பயனை அறியாதார் அதனைப் பழைய இரும்பாக நிறுத்து விற்றுவிடுகின்றனர். அப்பொறியை இனங்காணும் முறையையும் கையாளும் முறையையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

வரலாறு

கலஹாவிற்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தேயிலைத் தொழில் வளர, உலர்த்தும் பொறிகளின் காற்றுக்குழாய்களுக்கும் வாளிகளுக்கும் தகரவேலை தேவையாயிற்று. இவ்வேலைக்கான கைச்சுழல் பொறிகள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பெருமளவிற் செய்யப்பட்டன. அங்கே 1870இல் பெக், ஸ்டோ, வில்கொக்ஸ் என்னும் நிறுவனம் உருவாயிற்று. ‘பெக்ஸ்டோ’ என்பது அதன் வணிகப் பெயர். ஆங்கிலேயத் தகரவேலைக்காரர் இப்பொறியை ‘ஜென்னி’ என வழங்கினர். வார்ப்பிரும்புச் சட்டத்தில் புடைத்து நிற்கும் எழுத்துக்களைக் கொண்டு செய்தவர் பெயரை அறியலாம்.

பொதுவான அமைப்பு

சட்டத்தில் ஒன்றன்மேலொன்றாக இரண்டு அச்சுக்கள் உண்டு. பின்புறத்துப் பற்சக்கரங்கள் அவற்றை எதிரெதிர்த் திசையிற் சுழற்றும். முன்புறத்தில் இரண்டு உருளைகள் உள்ளன. மேலேயுள்ள திருகாணி மேலுருளையை அழுத்தும். உருளையின் பின்னுள்ள தடுப்புத் தகடு, மடிப்பின் அகலத்தை அளவாக நிறுத்தும்.

எவ்வகைப் பொறி?

சட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் உருளைகளைப் பார்த்தே வகையை அறிதல் வேண்டும்.

1. வளைவு மடிப்புப் பொறி: மேலுருளையின் விளிம்பு உருண்டையானது, கீழுருளையில் அதற்கேற்ற உருண்டைப் பள்ளம் உண்டு. கம்பி வைப்பதற்கான வளைவை இது ஆக்கும்.

2. கூர்மடிப்புப் பொறி: மேலுருளை மெல்லிய கூர்த்தட்டுப் போன்றது; கீழுருளையிற் படி உண்டு. அடித்தட்டைப் பொருத்துதற்குரிய சிறிய செங்கோண மடிப்பை ஆக்கும்.

3. கம்பிப் பொறி: மேலுருளையின் கூரிய ஓரம், கம்பியைச் சூழ்ந்த தகட்டின் நுனியை அதன் அடியிற் செருகி முடிக்கும்.

4. வரம்புப் பொறி: ஓர் உருளையில் மேடு, மற்றதிற் பள்ளம். பாத்திரத்தின் உடலைச் சுற்றி வரம்பெழுப்பி உறுதி தரும்.

5. சுருக்குப் பொறி: உருளைகளிற் பற்கள் உண்டு. குழாயின் நுனியைச் சுருக்கி அடுத்த குழாயினுள் நுழையச் செய்யும்.

ஐயமிருப்பின், பிஸ்கட் தகரத்திலிருந்து வெட்டிய துண்டொன்றை மெல்ல அழுத்தி ஒருமுறை உருட்டிப் பார்க்க. பதியும் வடிவமே பொறியின் வகையைக் கூறிவிடும்.

இச்சோதனையின் அருமையை நான் பயிற்சி பெற்ற நாளிலேயே கற்றேன். கூர்மடிப்புப் பொறியை வளைவுப் பொறியென எண்ணிப் பூவாளியொன்றின் வாயை உருட்டினேன். மடிப்பில் நாகப்பூச்சு வெடித்தது. அடுத்த பெரும்போகத்தில் அவ்விளிம்பு முழுவதும் துருவேறிப் பயனற்றுப்போயிற்று.

வாங்குமுன் காண வேண்டியவை

சட்டத்தில் வெடிப்பு உண்டா? பற்கள் உடைந்துள்ளனவா? அச்சு ஆடுகின்றதா? உருளைகள் இரண்டும் ஒரே இணையைச் சேர்ந்தனவா? இவற்றை நோக்குக. பொருந்தாத உருளைகள் தகட்டைக் கிழிக்கும். துருவை மண்ணெண்ணெயாலும் கம்பித் தூரிகையாலும் நீக்கி, எண்ணெய்த் துளைகளுக்கு எண்ணெய் இடுக. உருளையின் முகத்தை அரத்தால் அராவுதல் கூடாது. பழைய வர்ணத்தில் ஈயம் இருத்தல் கூடுமாதலால் அதனை உலர்ந்த நிலையிற் சுரண்டித் தூளாக்கற்க.

விதைநெல் தகரப்பீப்பாய் செய்தல்

இப்பொறிகள் பொதுவாக 22 கேஜும் அதனினும் மெல்லியதுமான தகட்டிற்கே உரியவை. எண் கூடக்கூடத் தகடு மெல்லியதாகும் என்பதை மறவற்க. இவ்வேலைக்கு 24 கேஜ் நாகத் தகடு போதும்.

6 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள தகட்டில் 57¼ அங்குல நீளத்தை வெட்டுக. இதில் 56½ அங்குலம் 18 அங்குல விட்டமுள்ள உடலுக்கும், ¾ அங்குலம் ¼ அங்குல இணைப்பு மடிப்பிற்கும் ஆகும். மேல்விளிம்பில், கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு விடுக. ⅛ அங்குலக் கம்பிக்கு 5/16 அங்குலம். கீழே ⅛ அங்குலம் விடுக.

உடலை வளைத்து இணைத்தபின், மேல்விளிம்பை வளைவுப் பொறியில் உருட்டுக. முதற் சுற்றில் இலேசாகவே அழுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் திருகாணியைச் சிறிது இறுக்குக. இணைப்பு உருளைக்கு வரும்போது சிறிது தளர்த்துக. கம்பியை வைத்து மரச்சுத்தியலால் மூடி, கம்பிப் பொறியால் முடிக்க. இரு முனைகளுக்கும் அருகே வரம்பெழுப்புக. பொறியின் வாய் எட்டும் ஆழத்திற்கு அப்பால் வரம்பிட இயலாது. கடைசியாக, உடலின் அடிவிளிம்பை வெளிப்புறமாக மடித்து, ஓரம் மடித்த அடித்தட்டை அதன்மேற் கவித்துத் தட்டிப் பொருத்துக.

இப்பீப்பாய் ஏறக்குறைய 4 புசல் நெல் கொள்ளும். ஏக்கருக்கு 2 புசல் என விதைப்பவர்க்கு இஃது இரண்டு ஏக்கரின் விதையாகும். எனினும் தகரம் ஈரத்தை வெளிவிடாது. ஆகவே ஈரப்பதன் 13 சதவீதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்தி, சூடாறிய பின்னரே நெல்லை இடுக. மரக்கட்டைகளின்மேல், வெயில் படாத இடத்தில், சுவரினின்று விலக்கிப் பீப்பாயை வைக்க. முன்பே வண்டு பற்றிய நெல்லை இஃது குணப்படுத்தாது என்பதையும் அறிக.

எச்சரிக்கை

உருளைகளின் இடையில் விரல் அகப்படின் நசுங்கும். கையுறை, தொங்கும் சட்டைக்கை இவற்றை விலக்குக. ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மற்றவர் தகட்டைப் பிடிப்பின், “நில்” என்ற சொல்லிற்கு உடனே நிறுத்தும் வழக்கத்தை முதலில் ஏற்படுத்திக்கொள்க. சிறுவரை அண்ட விடற்க. ஈயம் கலந்த பற்றாசால் ஒட்டிய பாத்திரத்திற் குடிநீரோ உணவோ வைத்தலாகாது. நாகத் தகட்டை நெருப்பிலிட்டால் எழும் புகை தீங்கானது. பூச்சிநாசினி இருந்த தகரத்தை எவ்வளவு கழுவினாலும் நெல்லிற்குப் பயன்படுத்தற்க.

பொறியொன்று தனித்துக் கிடைத்தால் ஒருவர்க்கு அது சிறு பயனையே தரும். வளைவுப் பொறியும் கம்பிப் பொறியும் கூர்மடிப்புப் பொறியும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஊரின் பூவாளிகளும் விதைப்பீப்பாய்களும் அங்கேயே உருவாகும். ஆதலால் அயலார் சிலர் கூடி இவற்றைப் பொதுவில் வைத்துப் பேணுதல் நன்று. பழைய இரும்பிற்கு விற்குமுன் உருளைகளை ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.