திரைப்படிமத்தின் தெளிவும் வேகமும்

பெங்களூரில் ராஜேஷ் ராவ் நிறுவிய துருவா இன்டராக்டிவ், கணினி விளையாட்டுத் துறையில் இந்தியாவின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்றாகும். போர்ஸா ஹொரைஸன் முதலிய அயல்நாட்டு விளையாட்டுகளுக்கும் அது உருவங்களைச் சமைத்தளித்தது. 2019-இல் ராக்ஸ்டார் கேம்ஸ் அதனை விலைக்கு வாங்கிற்று. இத்தகைய கூடங்களில் ஒரு மோட்டார் வண்டியை வரையும் கலைஞர், அதன் மேற்பரப்பை எத்தனை முக்கோணங்களாகப் பகுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வரம்பு மீறி நுணுக்கம் சேர்த்தால் வண்டி அழகாயிருக்கும், ஓடாது. வீட்டில் கணினியை இயக்குபவர் கிராபிக்ஸ் கார்டின் அமைப்புகளைத் திருத்தும்போது போடுவதும் இதே கணக்குத்தான்.

வினாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமெனில், ஒரு படத்தைத் தீட்டி முடிக்கக் கார்டுக்குக் கிட்டும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடியே. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 3840 × 2160 அளவிலோ அவை 82,94,400 ஆகின்றன. அதாவது நான்கு மடங்கு. அவகாசம் மட்டும் கூடுவதில்லை.

படம் தடுமாறினால் எல்லா அமைப்புகளையும் ஒருசேரத் தாழ்த்திவிடுவது பலரின் வழக்கம். இது முறையன்று. முதலில் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துப் பார்த்தல் வேண்டும். வேகம் கூடினால் குறை கார்டினுடையது. கூடாவிடில் பெரும்பாலும் தாமதம் கணினியின் மத்திய பிராசஸரில் நேர்கிறது. அந்நிலையில் பெரும்பொருள் கொடுத்துப் புதிய கார்டு வாங்கினும் பயன் சொற்பமே. இச்சோதனைக்குக் காலணாவும் செலவில்லை. ஆயினும் கடைக்குச் செல்லுமுன் இதனைச் செய்து பார்ப்போர் சிலரே.

குறை கார்டினுடையதெனத் தெளிந்தபின், நிழல்களையும் பிரதிபலிப்புகளையும் முதலில் ஒரு படி இறக்கலாம். இவை மிகுந்த நேரத்தை விழுங்குவன. ஓர் படி குறைந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதுமில்லை. சுவர், மரம், துணி இவற்றின் மேற்பரப்பு நுணுக்கமோ வேறு வகையைச் சார்ந்தது. அது நேரத்தைவிட நினைவகத்தையே அதிகம் கேட்கிறது. கார்டின் சொந்த நினைவகத்தில் அடங்குமளவும் அதனை உயர்வாகவே வைத்துக்கொள்ளலாம். அடங்காது மிஞ்சினால், தகவல்கள் கணினியின் பொது நினைவகத்திலிருந்து மெதுவான வழியே வந்து சேர வேண்டியிருப்பதால் படம் விட்டுவிட்டு நகரும்.

குறைந்த புள்ளிகளில் தீட்டிப் பின்னர் பெரிதாக்கிக் காட்டும் முறைகளும் உள. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 2018-இலும், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2021-இலும் வெளிவந்தன. 2560 × 1440 அளவில் தீட்டி 3840 × 2160 ஆக விரித்தால், தீட்ட வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் குறைவே. கம்பிவேலி போன்ற மெல்லிய கோடுகள் மட்டும் சில சமயம் நடுங்கக் காணலாம்.

வினாடிக்கு 60 முறையே புதுப்பிக்கப்படும் திரைக்குக் கார்டு 120 படங்களைத் தீட்டுமாயின், அவற்றில் பெரும்பகுதி முழுமையாகக் கண்ணுக்கு எட்டாமலே கழிகிறது. போட்டியாக ஆடுவோருக்குக் கைவிரைவில் இது சிறிது உதவலாம். ஏனையோர் 60 என வரம்பிட்டுக்கொண்டால் மின்சாரம் மிஞ்சும். மடிக்கணினியின் உஷ்ணம் தணியும். விசிறியின் இரைச்சலும் அடங்கும்.