ஐடி வேலை மாறுகிறது: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



திருமயம் பகுதியில் நம் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் சம்பாத்தியம் என்றால் கடை, அல்லது சபர். 2000-ஆம் ஆண்டு சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு மூன்றாவதாக ஒரு வழி தெரிந்தது. பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்தால் போதும், ஐடி கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று நம்பினோம். நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தோம். அதனால் பல வீடுகள் நிமிர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ். இன்று அதே பிள்ளைகள் லீவில் ஊருக்கு வந்தால் முகத்தில் தெளிவில்லை. வேலையில் பிடிப்பு விட்டுப்போய்விட்டது என்கிறார்கள். இது சோம்பேறித்தனம் அல்ல. காரணத்தைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும்.

1. என்ன மாறியது?

வெளிநாட்டு வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவற்றின் கணினி வேலையை நம் ஐடி கம்பெனிகள் ஒப்பந்தம் எடுத்துச் செய்கின்றன. இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் கூலி பேசப்பட்டது. ஆள் கூடினால் வருமானம் கூடும். எனவே கல்லூரிக்கே வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். கீழே புதியவர்கள் ஏராளம், அவர்களை மேற்பார்க்க மேலே சிலர் என்பது அமைப்பு.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. தொடக்கநிலை நிரல் எழுதுவது, சோதித்துப் பார்ப்பது போன்ற வேலைகளில் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டன. வேலை கொடுப்பவர், "குறைந்த ஆளை வைத்து, குறைந்த விலைக்கு முடி" என்கிறார். கீழ்த்தட்டு சுருங்கினால், மேற்பார்வை செய்த 10, 15 ஆண்டு அனுபவக்காரரின் சம்பளமும் கண்ணை உறுத்துகிறது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள். புதியவர்களுக்கும் ஏமாற்றமே. 2023 தொடக்கத்தில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்வு செய்தவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. பெரிய கம்பெனிகளில் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக மூன்று, மூன்றரை லட்சத்திலேயே நிற்கிறது. சென்னை வாடகை நிற்கவில்லை.

2. கையெழுத்துக்கு முன்

பல இடங்களில் "நீக்குகிறோம்" என்று எழுதித் தருவதில்லை. எச்.ஆர். அறைக்கு அழைத்து, "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். பயத்தில் பிள்ளை கையெழுத்துப் போட்டுவிடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. ஓராண்டு பணி முடித்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் உண்டு. தானாக ராஜினாமா செய்தால் இது கிடையாது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் பதவியின் பெயரில் 'மேனேஜர்' என்று இருப்பதால் மட்டும் உரிமை போய்விடாது. உண்மையில் செய்த வேலை என்ன என்பதையே பார்ப்பார்கள். டி.சி.எஸ். நீக்கிய கர்ப்பிணிப் பெண் ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்று, 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை பெற்றார். பிறகு நிறுவனமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: அன்றே கையெழுத்துப் போடாதே, அவகாசம் கேள், பேசியதை மின்னஞ்சலில் எழுதி வை, நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகளின் நகலை வீட்டில் வை.

3. சேர வேண்டிய பணம்

பணிக்கொடை: 5 ஆண்டு முடித்த நிரந்தர ஊழியர் ராஜினாமா செய்தாலும் இது உண்டு. கணக்கில் வரும் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு உரியது வரும். 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000. எட்டு ஆண்டுக்கு 1,20,000.

பி.எஃப்.: ஓய்வூதியம் பெற 10 ஆண்டு சேவை வேண்டும். அவசரப்பட்டு முழுவதையும் எடுத்துவிடாமல், அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

மருத்துவக் காப்பீடு: அத்தா, அம்மாவுக்குக் கம்பெனி தரும் காப்பீடு வேலையோடு போய்விடும். வேலை இருக்கும்போதே தனியாக ஏற்பாடு தேவை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

4. வீட்டில் நாம் செய்ய வேண்டியது

வேலை போனதை வீட்டில் சொல்லாமல், கடன் வாங்கி மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் உண்டு. "அவர் மகனைப் பார்" என்ற நம் பேச்சும், சம்பளத்தை வைத்து நடக்கும் நிக்காஹ் பேச்சும்தான் அவர்களை மறைக்க வைக்கின்றன. போனில் முதலில் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேளுங்கள். சம்பள உயர்வைப் பிறகு கேட்கலாம். வேலை போனால் வீட்டுக்கு வரலாம் என்ற தைரியத்தை முன்கூட்டியே கொடுங்கள்.

யூசுஃப் நபி (அலை) காலத்தின் ஏழு செழிப்பான ஆண்டுகளையும் ஏழு பஞ்ச ஆண்டுகளையும் நாம் அறிவோம். சம்பளம் வரும் காலத்திலேயே ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்கி வைப்போம். கையில் உள்ள சம்பளத்தை நம்பி இருபது வருட இ.எம்.ஐ.யில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

5. இனி படிக்கப் போகிறவர்கள்

ஐடி படிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கணக்கில் ஆர்வம் இருந்தால் படிக்கட்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே படிப்பில் தள்ள வேண்டாம். வீட்டை அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் இடம் வாங்கும் முன் யோசியுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

கம்பெனியிலிருந்து கடிதம் ஏதும் வந்தால், கையெழுத்திடும் முன் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், அல்லது பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். விவரமறிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். விஷயம் வெளியே போகாது.