கராத்தே கற்பிக்கும் அமைதி

முன்னுரை

‘கராத்தே’ என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது ஓட்டை உடைக்கும் கையும், பகைவனை உதைத்து வீழ்த்தும் காலுமே. “பெண் பிள்ளைக்கு இது எதற்கு? அடக்கம் போய்விடாதா?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. “காலம் கெட்டுக் கிடக்கிறது, கட்டாயம் கற்க வேண்டும்” என்று கூறும் பெற்றோரும் உண்டு. இரு சாராரும் அதனை அடிதடிக் கலை என்றே எண்ணுகின்றனர். ஆனால் அக்கலையில் தொடக்க மாணவர் கற்கும் பாடம் ஒன்றின் பெயரே ‘அமைதி’ என்பதைச் சிலரே அறிவர். அன்புத் தோழியரே, அப்பாடத்தையும் அதில் பொதிந்துள்ள பொருளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பள்ளிக்கு வந்த கலை

கராத்தேயின் தாயகம் ஒகினாவாத் தீவு. இன்று ஜப்பானின் ஒரு பகுதியாக விளங்கும் அத்தீவு, முற்காலத்தில் ரியூக்கியூ என்னும் தனி அரசாக இருந்தது. சீனாவோடு தொடர்பு கொண்டிருந்த அத்தீவு மக்கள், தங்கள் கைப்போர் முறையோடு சீன முறையையும் இணைத்து இக்கலையை வளர்த்தனர். நெடுங்காலம் இது ஆசான் ஒருவர் தம் மாணவர் சிலருக்கு மட்டும் மறைவாகக் கற்பிக்கும் கலையாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோ இத்தோசு என்னும் ஆசான் இதனைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு சென்றார். பழைய பயிற்சிகள் நீண்டவை, கடினமானவை. ஆகவே இளையோருக்கு ஏற்ற ஐந்து பயிற்சிகளை அமைத்து, அவற்றிற்குப் ‘பினான்’ என்று பெயரிட்டார். அவருடைய மாணவரான கிச்சின் ஃபுனாகோஷி (1868–1957) பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1922ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் இக்கலையை நிகழ்த்திக் காட்டிப் பலரும் அறியச் செய்தவர் அவரே. ‘பினான்’ என்பதற்குரிய எழுத்துகளை ஜப்பானிய முறைப்படி ‘ஹெயான்’ என்று அவர் வழங்கினார். அவ்வெழுத்துகளின் பொருள் ‘அமைதி’ என்பதாகும். ஐந்தில் முதலாவது ‘ஹெயான் ஷோடான்’.

இருபத்தொரு அசைவுகள்

எதிரில் ஒருவரும் இல்லாமல், எதிரிகள் பல திசைகளிலிருந்து வருவதாக எண்ணிக்கொண்டு, வரிசை தவறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பைக் ‘கட்டா’ என்பர். ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள் உள்ளன. அதைச் செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் செம்மையாகச் செய்யப் பல மாதங்கள் ஆகும்.

முதலில் குனிந்து வணக்கம் செலுத்த வேண்டும். பிறகு இடப்பக்கம் திரும்பி, இடக்கையால் கீழ்நோக்கித் தடுக்க வேண்டும். அதன் பின்னரே ஓரடி முன்வைத்து வலக்கையால் குத்த வேண்டும். இவ்வாறே வலப்பக்கமும் திரும்ப வேண்டும். நடுக்கோட்டில் முன்னேறும்போது தலைக்கு மேல் வரும் அடியை மூன்று முறை தடுக்கிறோம். திரும்பி வரும்போது மூன்று முறை குத்துகிறோம். இறுதியில் விரல்களைச் சேர்த்து, திறந்த கையைக் கத்திபோல் நீட்டி நான்கு முறை தடுக்கிறோம். நடந்த பாதையைத் தரையில் வரைந்து பார்த்தால், நடுவே ஒரு நீண்ட கோடும் அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு குறுக்குக் கோடும் தோன்றும். சரியாகச் செய்தவர் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்பார். அடி கூடினாலோ குறைந்தாலோ தரையே காட்டிக் கொடுத்துவிடும்.

உட்பொருள்

அந்த 21 அசைவுகளையும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் 13 தடுப்புகள். 8 மட்டுமே தாக்குதல்கள். முதல் அசைவு தடுப்பு. கடைசி அசைவும் தடுப்பு. எந்தத் திசையில் திரும்பினாலும் முதலில் வருவது தடுப்பே. கராத்தே அறிந்தவர் தாமாக முதலில் தாக்கலாகாது என்பது ஃபுனாகோஷி வகுத்த நெறிகளுள் ஒன்று. அந்நெறியை வாயால் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், கைகால்களுக்கே பழக்கிவிடுகிறது இந்தக் கட்டா. கையில் வலிமை வந்தபின் அதை என்ன செய்வது என்பதே வலிமையைவிடப் பெரிய கேள்வி. அதற்குரிய விடையை முதல் பாடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

நான்காம் அசைவு நம்மைப் போன்ற பெண்களுக்கு மிகவும் பொருத்தமானது. எதிரி நம் வலது மணிக்கட்டைப் பற்றிக்கொண்டதாக எண்ணி, கையை வெடுக்கென இழுத்து விடுவித்து, மேலிருந்து முட்டியால் அடிக்கும் அசைவு அது. பிடித்த கையிலிருந்து விடுபடுவதே அங்கு முதல் நோக்கம்.

குரல் எழுப்புதல்

இந்தக் கட்டாவில் இரண்டு இடங்களில் உரக்கக் குரல் எழுப்ப வேண்டும். ‘கியாய்’ எனப்படும் அக்குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். குத்தும் உதையும் விரைவில் கைவந்துவிடும். ஆனால் பெண் பிள்ளைகள் பலருக்குக் கடைசியாக வருவது இந்தக் குரல்தான். ‘மெதுவாகப் பேசு, சத்தமாகச் சிரிக்காதே’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! பேருந்து நெரிசலில் எவனோ ஒருவன் கையைப் பற்றும்போது தொண்டை அடைத்துப் போகிறதே, அது கையில் வலிமை இல்லாததால் அன்று. நான்கு பேர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தால்தான். அந்த அச்சத்தைப் போக்கும் பயிற்சியே கியாய்.

இது அடக்கத்திற்கு எதிரானதா? நற்செய்தியை நினைத்துப் பார்ப்போம். தலைமைக் குருவின் முன் நின்ற இயேசுவைக் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. வாய்மூடி நிற்கவும் இல்லை. தாம் பேசியதில் தவறு இல்லையென்றால் தம்மை அடித்தது ஏன் என்று கேட்டதாகப் புனித யோவான் எழுதியுள்ளார். பழிவாங்காமையும் அநீதியைத் தட்டிக் கேட்பதும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு கட்டாவைக் கற்றதனால் எவரையும் வென்றுவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. ஆபத்து நேரும்போது உரக்கக் குரல் கொடுத்து, விலகி ஓடி, பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ மறைக்காமல் சொல்வதே அறிவுடைமை.

முடிவுரை

2021ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் கட்டா ஒரு பிரிவாக இடம்பெற்றது. மகளிர் பிரிவில் தங்கம் வென்ற ஸ்பெயின் நாட்டுச் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. ஆடவர் பிரிவில் வென்ற ரியோ கியூனா, ஒகினாவாவில் பிறந்தவர். ஒருவரையும் தொடாமலே இவர்கள் வென்றனர். தம்மை ஆள்வதில் தேர்ந்தவர்கள் என்பதே இவர்களுக்குரிய பெருமை.

‘கராத்தே’ என்னும் சொல்லுக்கு ‘வெறுங்கை’ என்று பொருள். ஆயுதமற்ற கை அது; பிறரைத் துன்புறுத்தும் எண்ணமும் அற்ற கையாக இருத்தல் வேண்டும். ஆகவே பெற்றோரே, கராத்தே கற்றால் பெண்ணின் அடக்கம் போய்விடும் என்று அஞ்ச வேண்டா. அஞ்சி ஒடுங்குவது வேறு, அடங்கியிருப்பது வேறு. வலிமை உடையவரிடத்தில் விளங்குவதே உண்மையான அடக்கம். தோழியரே, அவ்வடக்கத்தைக் கற்போம். வேண்டிய இடத்தில் குரல் எழுப்பவும் கற்போம்!